தூபியா, பெயர்ச்சுவரா, சோலையா? மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் படுகொலை நினைவிடம் அமைக்குமுன்

நினைவிடம் பற்றிய ஊர்க்கூட்டம் அநேகமாக ஒரு படத்தோடுதான் தொடங்கும். ஒருவர் கைபேசியில் வேறெங்கோ உள்ள தூபியைக் காட்டுவார். எத்தனை அடி உயரம், எந்த மேசன், திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு ஓடிவிடும். பெயர்ப்பட்டியல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி கூட்டம் கலையும்போதுதான் வரும். நினைவிடங்கள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இந்தத் தலைகீழ் வரிசைதான் காரணம்.

கிழக்கில் பட்டியல் எளிதான காரியமல்ல. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஆகஸ்ட் 12 ஏறாவூரும் வீரமுனையும், செப்டெம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த அகதி முகாம், செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான்: இவ்வளவும் ஆறு கிழமைக்குள் நடந்தவை. அதற்கு முன்னும் பின்னும், 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருமுறை. கொன்றது ஒரே தரப்பல்ல, கொல்லப்பட்டதும் ஒரே சமூகமல்ல. ஆணைக்குழு எழுதிய எண்ணும் ஊரார் சொல்லும் எண்ணும் பொருந்துவதில்லை. இடம்பெயர்வில் இடாப்புகள் அழிந்தன. குடும்பத்தோடு போனவர்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

ஆகவே வடிவங்களை ஒப்பிடும்போது நாங்கள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம்: திறந்து ஐந்து வருடம் கழித்து, விடுபட்ட ஒரு பெயரோடு ஒரு தாய் வந்து நின்றால் இந்த அமைப்பு என்ன செய்யும்?

பெரிய நினைவிடங்களும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைக்கான பொட்டோச்சாரி நினைவிடத்தில் 8372 என்ற எண்ணுக்குப் பின்னால் புள்ளிகள் வைத்து, இது இறுதி எண் அல்ல என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச்சுவர் 1982 இல் 57,939 பெயர்களோடு திறக்கப்பட்டது. இன்று 58,000ஐத் தாண்டிவிட்டது. உயிரோடிருந்த சிலரின் பெயரும் அதில் தவறாக ஏறியிருந்தது. ஒரு வல்லரசின் படை இடாப்பே இப்படி என்றால் நம்முடைய பட்டியலில் பிழை வராது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்.

கணக்குப் பார்க்க ஓர் அளவு வைத்துக்கொள்வோம். வாவிக்கரையோரம் 20 பேர்ச் காணி, அதாவது ஏறத்தாழ 500 சதுர மீட்டர். மாரியில் தண்ணீர் ஏறும் மணல் நிலம். 180 பெயர்கள். நினைவுநாளில் 400, 500 பேர் வருவார்கள். மற்ற நாட்களில் இரண்டு மூன்று பேர்.

தூபி

தூபிக்கு நாலு சதுர மீட்டர் நிலம் போதும். வீதியில் போகிறவருக்குத் தெரியும், சில மாதத்தில் முடியும். சத்துருக்கொண்டானிலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மகிழடித்தீவிலும் இன்றுவரை ஆண்டுதோறும் ஆட்களை ஒன்றுகூட்டுவது தூபிகள்தான். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

சிக்கல் பெயரில் வருகிறது. நான்கு பக்கத்திலும் 180 பெயர் என்றால் பக்கத்துக்கு 45. வரிக்கு 5 சென்டிமீட்டர் விட்டால் 2.25 மீட்டர் உயரம் வேண்டும். பீடம் 60 சென்டிமீட்டர் என்றால் உச்சிப் பெயர் 2.85 மீட்டரில் நிற்கும். சராசரி உயரமுள்ள ஒரு பெண்மணியின் கை 1.8 மீட்டருக்கு மேல் வசதியாக எட்டாது. ஏறத்தாழ அரைவாசிப் பெயர்களை அவர்களின் சொந்தக்காரர் எளிதில் தொட முடியாது. விடுபட்ட பெயரைச் சேர்ப்பதென்றால் பீடத்தில் ஒரு தகட்டை ஒட்டலாம், அவ்வளவுதான். பின்னால் வந்த பெயர் காலடியில்தான் கிடக்கும்.

இன்னொன்று, உயர்ந்து நிற்கும் ஒற்றைப் பொருளை ஒரு இயந்திரம் ஒரே இரவில் சாய்த்துவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் தூபி 2021 ஜனவரி 8 இரவு அப்படித்தான் போனது. எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு மீண்டும் எழுந்தது. இடிக்க நினைப்பவர் எந்த வடிவத்தையும் இடிப்பார் என்பது வேறு விஷயம்.

கட்டுமானத்தில் தூபியின் எதிரி உப்பு. எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம், கட்டும் கொங்கிறீட்டில் கம்பியை மூடி வெளிப்பக்கம் குறைந்தது 50 மில்லிமீட்டர் கொங்கிறீட் இருக்கவேண்டும். மெல்லிய தூபியில் இடம் போதாது என்று 20, 25 மில்லிமீட்டரோடு விட்டுவிடுவார்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தாலோ கழுவாத கடல்மணலைக் கலந்தாலோ உப்பை நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். கம்பி துருப்பிடித்து ஊதும், மூலை வெடிக்கும், செங்கறை வழியும். பேர்லினில் 2005 இல் திறந்த யூத இனப்படுகொலை நினைவிடத்தின் 2,711 கொங்கிறீட் கற்களில் நூற்றுக்கணக்கானவை சில வருடத்திலேயே வெடிப்புக் கண்டன, சிலவற்றுக்கு உருக்குப் பட்டி கட்டினார்கள். அங்கே காசுக்கும் பொறியியலாளருக்கும் குறைவிருக்கவில்லை. தூபிதான் வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தால் கம்பியே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முழுக் கருங்கல்லில், 3 மீட்டருக்கு மேற்படாமல் செய்யுங்கள். கம்பி இல்லாத இடத்தில் துரு இல்லை.

நடந்த இடத்தையே வைத்துக்கொள்வது

காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் சன்னத் துளைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். தொழுகையும் அங்கேயே நடக்கிறது. அம்பாறை மாவட்டம் அரந்தலாவையில் 1987 ஜூன் 2 அன்று பிக்குகள் கொல்லப்பட்ட பஸ்ஸை உருவச்சிலைகளோடு காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வகையாகத் தோன்றும். ஆனால் ஒன்று தடயத்தை விட்டுவைக்கிறது, மற்றது காட்சியைத் திரும்ப நிறுத்துகிறது. தப்பிப் பிழைத்தவர் வந்து நிற்கவேண்டிய இடம் என்றால் முதலாவதுதான் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம்.

ருவாண்டாவில் நியமாட்டா தேவாலயத்தில் கொல்லப்பட்டவர்களின் உடுப்புகளும் எலும்புகளும் இருக்கின்றன. முரம்பியில் சுண்ணாம்பிட்ட உடல்களையே வைத்தார்கள். நடக்கவில்லை என்று மறுப்பவருக்கு அது பதில். புதைக்காமல் வைப்பது சரியா என்ற சர்ச்சை அங்கேயும் உண்டு. நம்மிடம் எரிப்பவருக்கும் சரி, மையவாடியில் அடக்கி மீசான் கட்டை நடுபவருக்கும் சரி, எலும்பைக் கண்ணாடிக்குள் வைப்பது கடன் முடியாத நிலை. செருப்பு, சைக்கிள், குடை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

துளைபட்ட பழைய சுவரைக் காக்கும் முறை இது. தொடுவதற்கு முன் ஒவ்வொரு துளைக்கும் இலக்கமிட்டு, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள். பூசவேண்டாம், பெயின்ட் வேண்டாம். சுவர் தலையில் தண்ணீர் இறங்காமல் 90 சென்டிமீட்டர் தாழ்வாரத்தோடு ஒரு கூரை போடுங்கள். கழன்ற செங்கல்லைச் சீமெந்தால் அடைக்கக்கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான். சீமெந்து செங்கல்லைவிட இறுக்கமானது. ஈரம் அதற்குள்ளால் வெளியேற முடியாமல் செங்கல் வழியே வரும், உப்புப் பூத்து முகம் உதிரும், துளையும் அதோடு போகும். கண்ணாடி போட்டால் மேலும் கீழும் 5 சென்டிமீட்டர் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மாரியில் பாசி.

அந்தக் காணியில் உடல்கள் புதைக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அத்திவாரத்துக்குக்கூட மண்வெட்டி வைக்கக்கூடாது. நீதவான் உத்தரவில்லாமல் தோண்டினால் சாட்சியம் கெட்டுவிடும். குருக்கள்மடத்தில் 1990 இல் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் புதைகுழி விவகாரம் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் வரை போனது. அப்படியான இடங்களில் எல்லைக்கல்லும் வேலியும் மட்டும் போதும்.

எங்கள் கேள்விக்கு இந்த வகை பாதிப் பதில்தான் சொல்லும். இடத்தை அது காக்கும், பெயருக்கு வேறொன்று வேண்டும்.

சோலை

சோலை என்றதும் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனாலேயே இதைக் கூடுதலாகக் கிண்டிப் பார்க்கவேண்டும். மரத்துக்கு மரம் 6 மீட்டர் இடைவெளி விட்டால் 20 பேர்ச்சில் 13 மரத்துக்கு மேல் வராது. ஆளுக்கொரு மரம் என்ற பேச்சு அங்கேயே முடிகிறது. இடம் இருந்தாலும் வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றில் இளமரம் பட்டுப்போகும், மாடு கடிக்கும். மகனின் பெயர் எழுதிய மரம் காய்ந்து நிற்பதை ஒரு தாய் பார்க்கவேண்டி வரும். மரத்தை ஒழுங்கைக்கோ ஊருக்கோ பொதுவாக நடுங்கள், பெயர் கட்டாதீர்கள்.

உவர் மணலில் பூவரசும் புன்னையும் நிற்கும். வேம்பு சற்று மேட்டில் வரும். மருது நன்னீர்க் கரை மரம்; வாவியோரத்தில் வைத்து அதை வதைக்க வேண்டாம். மழை தொடங்கும் ஐப்பசியில் நட்டு, அடுத்த இரண்டு கோடையிலும் கிழமைக்கு இரண்டுமுறை மரத்துக்கு 20 லீற்றர் ஊற்ற ஆள் வேண்டும். ஆள் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் சோலையை விட்டுவிடுங்கள். சுவருக்கும் மரத்துக்கும் இடையில் 5 மீட்டர் இருக்கட்டும்.

நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வேம்படியில் விளக்கு வைத்தால் கொஞ்சக் காலத்தில் ஒரு கல் வரும், பிறகு சூலம் வரும், பிறகு கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வருவார். கோயிலாவது குற்றமல்ல. ஆனால் அதே பட்டியலில் உள்ள கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்த இடம் சத்தமில்லாமல் மூடப்பட்டுவிடும்.

நூலகம், முன்பள்ளி, மண்டபம் என்று பயனுள்ள கட்டடமாகக் கட்டலாம் என்போர் உண்டு. கட்டடத்துக்குப் பூட்டும் திறப்பும் இருக்கும், திறப்புக்கு ஆள் இருப்பார், ஆளோடு சண்டை வரும். சில வருடத்தில் அது வெறும் முன்பள்ளி. பெயர்ப்பலகை அலுமாரிக்குப் பின்னால். தேவையென்றால் நினைவிடத்தை முடித்துவிட்டுத் தனியாகக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வீடு சிறு கல் பதிப்பது ஐரோப்பாவில் பரவிய முறை. அங்கே 10 சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடுகள் ஒரு இலட்சத்துக்கு மேல் நடைபாதையில் பதித்தாயிற்று. விடுபட்ட பெயரைச் சேர்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பெயரைக் காலால் மிதிப்பது நம்மால் முடியாத காரியம். பித்தளை பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். வளவும் கைமாறியிருக்கும். படலைத் தூணில் சிறு கருங்கல்லாக, வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும், துணை வேலையாகச் செய்யலாம்.

பெயர்ச்சுவர்

எங்கள் தெரிவு தாழ்ந்த பெயர்ச்சுவர்தான். அதிலும் பிழைவிட இடம் நிறைய உண்டு.

ஒரு கிறனைட் பலகை 60 சென்டிமீட்டர் அகலம், 120 உயரம், 2 சென்டிமீட்டர் தடிப்பு. மேலும் கீழும் ஓரம் விட்டு, வரிக்கு 5 சென்டிமீட்டர் வைத்தால் 20 பெயர் வசதியாக இருக்கும். 180 பெயருக்கு 9 பலகை. எழுதாத வெறும் பலகை 2 சேர்த்து 11. சுவர் நீளம் 6.6 மீட்டர். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், மேல் விளிம்பு 1.65 மீட்டர். சக்கரநாற்காலியில் வருபவரும் பெரும்பாலான பெயர்களைத் தொடலாம். அந்த வெறும் பலகைகளைப் பார்த்து “ஏன் காசை வீணாக்கினீர்கள்” என்று கேட்பார்கள். விடுபட்ட பெயரோடு வரும் தாய்க்கான இடம் அதுதான்.

பலகையைச் சாந்தால் ஒட்டாதீர்கள். ஒட்டினால் உள்ளீரத்தில் உப்புக் கக்கி, தட்டினால் வெறுஞ்சத்தம் கேட்கும் நிலைக்கு வந்து, ஒருநாள் விழும். ஒரு பலகை ஏறத்தாழ 39 கிலோ. பலகைக்கு நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி, 316 தரம் (கடற்காற்றில் 304 புள்ளி புள்ளியாகக் கறைபிடிக்கும்), சுவருக்கும் கல்லுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் காற்றிடைவெளி. ஆணியைக் கழற்றினால் பலகை வரும். பிழையான பெயருக்காகச் சுவரை உடைக்கவேண்டியதில்லை, ஒரு பலகையை மாற்றினால் போதும். அத்திவாரம் 60 முதல் 75 சென்டிமீட்டர் ஆழம். பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய வெள்ளக்கறை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடைதளம் அதற்கு 30 சென்டிமீட்டர் மேலே வரட்டும்.

முகம் கிழக்கே பார்க்கட்டும். கறுப்புக் கிறனைட் வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும். ஆகஸ்ட், செப்டெம்பர் நினைவுநாட்களில் பின்னேரம் நாலு மணிக்கு நிழல் பெயர்ப்பக்கம் விழவேண்டும். கச்சானுக்கும் சுவர் முதுகு காட்டும், விளக்கு அணையாது. ஜனவரி நினைவுநாள் உள்ள ஊருக்கு இது மாறும்: வடகீழ் மழை நேரே முகத்தில் அடிக்கும், ஆகவே முன்னால் கூரை வேண்டும்.

இனி எழுத்து. தமிழ் எழுத்துக்கு மேலே இகர, ஈகாரக் குறிகளும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் ஆங்கிலக் கல்வெட்டுக்குப் போதுமான வரியிடைவெளி போதாது. எழுத்துடல் 25 மில்லிமீட்டர், கோட்டுத் தடிப்பு குறைந்தது 3. அதற்குக் கீழே போனால் மணல்வீச்சில் மெய்யெழுத்தின் புள்ளி மழுங்கிவிடும். “பத்மா” “பதமா” ஆகும். ‘ணு’, ‘மூ’ போன்றவற்றின் உள்வெளியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைந்து நாலு வருடத்தில் கட்டியாய் நிற்கும்; பட்டையான அலங்கார எழுத்துருவைத் தவிர்த்து, உள்வெளி திறந்த எழுத்துருவை எடுங்கள். பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் குழம்பும். கல்வெட்டுக் கடையின் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் “கொ” உடைந்து, முன்னால் வரவேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய கோப்பையே கடைக்குக் கொடுங்கள். வெட்டுமுன் முழு அளவுத் தாள் அச்சை வாங்கி எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள்.

பெயர் வரிசை அகரமா, குடும்பமா? குடும்பமாகவும் ஒழுங்கையாகவும் போடுங்கள். அகரவரிசையில் தாய் முதலாம் பலகையிலும் கைக்குழந்தை ஒன்பதாம் பலகையிலும் போய்விடுவார்கள். பெயரிடுமுன் இறந்த குழந்தைக்கு “இன்னாரின் மகள், 12 நாள்” என்று ஒரு முழு வரி. “இன்னாரின் மனைவி” என்று மட்டும் பட்டியலில் இருக்கும் பெண்ணின் சொந்தப் பெயரைத் தேடிப்பிடியுங்கள். கிழவிகள் யாருக்காவது ஞாபகம் இருக்கும்.

கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களை இறந்தவர் பலகையில் கேட்காமல் போடுவது பெரும்பிழை. வந்தாறுமூலையில் கொண்டுபோனவர்களைப் போல, இன்னும் தேடப்படுகிறவர்கள் உண்டு. இறப்புச் சான்றிதழை மறுத்த குடும்பங்களுக்காகத்தான் 2016 இல் காணவில்லை என்று சான்று தரும் சட்டமே வந்தது. அதே கல், அதே உயரம், தனிப் பலகை. “அமரர்” இல்லை, இறந்த திகதி இல்லை, கடைசியாகக் கண்ட நாளும் இடமும் மட்டும். குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதிலும் ஏற்றவேண்டாம். கழற்றும் ஆணி இங்கே இன்னொருமுறை உதவும்.

கொன்றது யார், அதை எந்தச் சொல்லால் எழுதுவது என்பதில் ஊர் பிளவுபடும். கனடாவின் பிராம்ப்டனில் 2025 மேயில் திறந்த ஈழத்தமிழருக்கான நினைவிடத்தில் இனப்படுகொலை என்ற சொல்லைத் தடையின்றிப் பொறிக்கலாம். இங்கே குழுவின் தலைவர் பொலிஸ் நிலையம் போகவேண்டி வரலாம். எழுதுவதா இல்லையா என்பதை அதன் விலையைச் சுமக்கப்போகிறவர்கள் முடிவெடுக்கட்டும். ஒன்றை மட்டும் சொல்வோம்: வாசகத்தையும் பெயர்களையும் ஒரே கல்லில் வெட்டாதீர்கள். வாசகத்துக்கு எதிராக ஒரு தடையுத்தரவு வந்தால் பெயர்களும் சேர்ந்து போகும். மொத்த எண்ணிக்கையையும் வெட்டவேண்டாம்.

நிற்பவருக்கும் இருப்பவருக்கும்

ஆறுதல் என்பது பெரும்பாலும் கதிரையிலும் வழியிலும் இருக்கிறது. சுற்றிவளைப்பில் அடைக்கப்பட்டுத் தப்பியவர் ஒற்றை வாசல் உள்ள மதிலுக்குள் வரமாட்டார். வந்தாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிரெதிரே இரண்டு திறந்த வழி, எங்கிருந்தும் வீதி தெரிய வேண்டும், இருட்டு மூலையோ ஒடுங்கிய நடையோ கூடாது. இருக்கைக்கு முதுகுசாய்வு வேண்டும், 45 சென்டிமீட்டர் உயரம். சில இருக்கைகள் பெயர்ச்சுவரைப் பாராமல் வாவியைப் பார்க்கட்டும். நடைபாதை 1.2 மீட்டர் அகலம், சரிவு 12க்கு 1. தண்ணீரும் கழிப்பறையும் நினைவுநாளுக்கு மட்டுமல்ல.

விளக்குத் தட்டு சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். தேங்காயெண்ணெய்ப் புகையும் பிசுக்கும் கல்லில் ஊறினால் போகாது. 180 சிட்டி விளக்குக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 27 மீட்டர். மூன்று படியாக வைத்தால் 9 மீட்டரில் முடியும். 5 சென்டிமீட்டர் மணல் நிரப்பினால் மெழுகுதிரியும் அதிலேயே நிற்கும். பட்டியலில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால், விளக்கும் உருவமும் இல்லாத, துஆ ஓத நிற்கக்கூடிய ஒரு பக்கத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். பிறகு ஒதுக்கினால் சலுகை கொடுத்தது போலாகிவிடும்.

உறுதிக்காணி என்றால் தனியாள் பெயரில் வைக்காமல் பதிவுசெய்த சங்கத்துக்கோ நம்பிக்கைப் பொறுப்புக்கோ மாற்றுங்கள். அரச காணிக்குப் பிரதேச செயலகம், கட்டடத்துக்குப் பிரதேச சபை, கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம். சேர்ந்த காசில் நாலில் ஒரு பங்கைக் கட்டாமல் வையுங்கள், பத்து வருடப் பராமரிப்புக்கு.

செப்டெம்பர் நினைவுநாள் இலக்கு என்றால் மாசியில் வெள்ளம் வடிந்ததும் அத்திவாரம், சித்திரைக்கு முன் சுவர், கல் ஓடர் ஆனியில். அதற்கு முன்னால், தையிலேயே, முழுப் பெயர்ச்சுவரையும் அசல் அளவில் பிளெக்சில் அடித்து பாடசாலை மதிலிலோ சந்தியிலோ முப்பத்தொரு நாள் கட்டுங்கள். சிவப்புப் பேனையைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். பொது இடத்தில் நின்று பேனை எடுத்து எழுதத் தயங்கும் பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்காகப் பின்னேரம் நாலிலிருந்து ஆறு மணிவரை ஒருவர் கொப்பியோடு பக்கத்தில் கதிரை போட்டு இருக்கவேண்டும். ஊருக்குள் எல்லாருக்கும் பழக்கமான, அரசியலில் நிற்காத ஒரு ஆசிரியை என்றால் நல்லது. திருத்தங்களோடு இரண்டாவது பிளெக்ஸ் அடித்து, குடும்பத்துக்கு ஒருவர் தங்கள் வரிக்கு நேரே கையொப்பமிட்ட பிறகுதான் கோப்பு கல்வெட்டுக் கடைக்குப் போகலாம்.